மகளின் பழைய கால்கள்

பஸ் ஓட்டும் அவளுக்கு டிப்போவில் ‘ஹாரன்’ என்று பெயர். வண்டியின் ஹாரனுக்கு முன்னால் அவள் வாய் ஒலித்துவிடும். குறுக்கே புகுந்த பைக் பையனாகட்டும், ஷிப்ட் போடும் மேலாளராகட்டும், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அங்கே யாரும் இல்லை. மகள் பிறந்தபோது வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதைப் பார்த்ததும் கணவன் கம்பி நீட்டிவிட்டான். அன்று திறந்த வாயை அவள் பிறகு மூடவில்லை.

மகள் வளர வளரச் செயற்கைக் காலும் மாறிக்கொண்டே வந்தது. சிறியதாகிப்போன ஒவ்வொன்றும் துணிப்பையில் சுற்றிப் பரணுக்குப் போனது. மகள் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் வாய் அவளுக்கும் அப்படியே வந்திருந்தது. வீட்டுக்குள் இரண்டு ஹாரன்.

அந்தக் கால்களைச் செய்து கொடுத்த பட்டறை மேஸ்திரி ஒருநாள் ஹாரனிடம் ஒரு விஷயம் சொன்னார். அவர் பிறந்த நாட்டில் சண்டை ஓய்ந்துவிட்டது; ஆனால் மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடிகள் ஓயவில்லை. கால் போன பிள்ளைகள் ஒரு விடுதியில் இருக்கிறார்கள். பழைய கால்களைப் பார்சலில் அனுப்பினால் துறைமுகத்திலேயே கிடந்து மக்கிப்போகும், ஆள் கையோடு கொண்டுபோனால்தான் உண்டு. முழங்காலைத் தாங்கும் கிண்ணத்தை மட்டும் அந்தந்தப் பிள்ளையின் அளவுக்குப் புதிதாக வார்த்துக்கொள்ளலாம். தண்டும் பாதமும் பழையதே போதும்.

“நானும் வர்றேன் தம்பி” என்றாள். வீட்டுக்கு வந்த வேகத்தில் பரணைக் காலி செய்தாள்.

மகள் வேலையிலிருந்து வந்து, கூடத்தில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

“யாரைக் கேட்டு இதையெல்லாம் எடுத்த?”

“பரண்ல சும்மாதானே கிடந்தது? யாருக்கு வேணும்?”

“வேணுமா வேணாமான்னு நான்ல சொல்லணும்? இது உன் பழைய புடவை இல்லம்மா. என் காலு.”

“ராப்பகலா பஸ் ஓட்டி வாங்கினது நான்.”

“என்னைப் பெத்ததும் நீதானே? அப்ப என்னையும் மடிச்சு உள்ள வச்சுக் கட்டு!”

ஹாரன் பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். மகள் அறைக்கதவை அடித்துச் சாத்தினாள். கிளம்பும் நாள் வரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த நாட்டு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டிகளைத் திறக்கச் சொன்னான். மேஸ்திரி மற்ற வீடுகளில் திரட்டியதும் சேர்த்து மூன்று பெட்டி நிறையக் குழந்தைக் கால்கள். அவன் முகம் சுளித்தான். ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்து, உள்ளே ஏதாவது கடத்துகிறார்களா என்று துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்றான். மேஸ்திரி அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ஹாரன் பாய்ந்தாள்.

“டேய், உன் வீட்டுப் பிள்ளை காலா இருந்தா இப்படித் தட்டுவியா? வை கீழே!”

“அம்மா ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க” என்று மேஸ்திரி அவர்கள் மொழியில் மொழிபெயர்த்தார். ஆனால் திட்டுக்கு எந்த ஊரிலும் அகராதி தேவையில்லை. அதிகாரியின் கண் சிவந்தது. மூன்று பெட்டிகளில் இரண்டை இழுத்து உள்ளே போட்டுப் பூட்டிவிட்டான்.

வேனில் ஏறியதும் மேஸ்திரி வெடித்தார். “ரெண்டு பெட்டியை உங்க வாய் தின்னுடுச்சுக்கா. பிள்ளைங்க காத்துட்டிருக்காங்க. இப்ப திருப்தியா?”

அவள் மிஞ்சிய ஒரே பெட்டியை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

விடுதியில் இறங்கினால் அங்கே வேறொரு வரவேற்பு. காப்பாளர் அம்மாள் வாசலை மறித்து நின்றாள். “போட்டோ எடுக்கறதுன்னா இப்பவே திரும்பிப் போங்க. போன தடவை வந்தவங்க பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சுப் படம் பிடிச்சாங்க. கொண்டுவந்த காலு ஒண்ணும் யாருக்கும் பொருந்தல” என்றாள். மேஸ்திரி தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னார். ஹாரன் பையிலிருந்த செல்போனை எடுத்து அந்த அம்மாளின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மேஸ்திரி கிண்ணங்கள் வார்த்தார். அவள் அச்சுக்கு வேண்டிய மாவு குழைத்தாள், பெல்ட் தைத்தாள். வாரக்கடைசியில் ஒரு சிறுமிக்குக் கால் பொருத்தினார்கள். எலும்பும் தோலுமான பிள்ளை. பெல்ட்டை இறுக்கியதும் வலி தாங்காமல் கத்தினாள். எதிரில் குனிந்திருந்த ஹாரனின் தோளில் புதுக்காலாலேயே ஓங்கி உதைத்தாள். ஹாரன் மல்லாந்து விழுந்தாள். எழுந்து தோளைத் தேய்த்துக்கொண்டே, “நல்லாத்தான் பிடிச்சிருக்கு தம்பி, கழண்டு வரல” என்றாள். சிறுமி சிரிக்கவில்லை. ஹாரன் ஊர் திரும்பும்வரை அவளைக் கண்டால் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள், நடந்துகொண்டே.

பூட்டிய பெட்டிகளை மீட்க மேஸ்திரி போனபோது, “நீங்க வேனை விட்டு இறங்கக்கூடாது” என்று கறாராகச் சொன்னார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு பெட்டிதான் வந்தது. மற்றது என்ன ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை. வந்ததிலும் சில கால்களில் துளை போட்டிருந்தார்கள். மகள் முதன்முதலில் நடந்த கால், எல்லாவற்றிலும் சின்னது, அதில் குதிகாலிலிருந்து மேலே வரை ஓட்டைகள். அது இனி யாருக்கும் ஆகாது.

அதை அவள் திருப்பிக் கொண்டுவந்தாள். மகளிடம் நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள், உதை வாங்கியதையும் சேர்த்து.

“அவளாவது உதைச்சாளே” என்றாள் மகள். ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். “கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்மா. இது ஒண்ணைத் தவிர.”

அடுத்த மாதம் மகள் வேலைக்குப் பக்கத்தில் தனி அறை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அந்தக் காலையும் எடுத்துப் போனாள். இன்றுவரை போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது.

ஹாரன் வருடா வருடம் மேஸ்திரியோடு போகிறாள். சுங்கத்தில் அவர் பேசுவார், அவள் வெளியே நிற்பாள். பட்டறைக்குப் பழைய கால் கொண்டுவரும் பெற்றோரை விட்டுவிட்டு, அதைப் போட்டிருந்த பிள்ளையைத்தான் கேட்கிறாள். “உன் காலைக் கொடுப்பியா?”

சமீபத்தில் ஒரு சின்னப் பெண் முடியாது என்று தலையை ஆட்டினாள். “அவ கிடக்கிறா, நீங்க எடுத்துக்குங்க” என்றார் அவளுடைய அப்பா.

“யோவ், உன்னையா கேட்டேன்?” என்று ஹாரன் போட்ட கத்தலில் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.