படுவானைப் பார்த்த பிளஞ்சர்

இஞ்சின் கழற்றிப் பூட்டுகிற தொழிலில், தூக்குவதற்கு நாலு பேர் வேண்டிய சாமான் ஒருநாளும் வம்பு பண்ணாது. காற்சட்டைப் பைக்குள் தொலைகிற சாமான்தான் ஊரைக் கூட்டும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் ஒயில் கறுப்புப் போகாத கையோடு சோறு தின்கிற என் இனமே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரையம்பதியில் ரோட்டோரமாக இருக்கிறது எங்கள் கராஜ். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை என்று சேர்ந்தேன். பாஸ் என்னைத் தொழில் பழகுகிறவன் என்பார், நான் மெக்கானிக் என்பேன். ஆனால் ஊரில் எவருடைய குரலிலும் என்னால் பேச முடியும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

கீழே வருவதெல்லாம் தம்பிராசா அண்ணனின் உழவு மெசின் கதைகள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொஞ்சக் காணிதான் செய்கிறார், என்றாலும் பெரிய காணிக்காரரைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் போடியார் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் அது பிடிக்கும். வட்டையில் மற்ற வயலெல்லாம் உழுதாயிற்று, மெசின் இஞ்சின் எங்கள் கராஜில் கழன்று இருந்ததால் அவருடைய வயல் மட்டும் கிடந்தது. மழை இறுக்கினால் மெசின் வயலில் இறங்காது. இறங்காவிட்டால் அந்த முறை வெள்ளாமையே இல்லை.

மூன்று ஸ்பிரிங்

ஒயில் பிரஷர் வால்வில் பெரிதாக ஒன்றுமில்லை. தையல்காரர் விரலில் மாட்டுகிற மூடி மாதிரி ஒரு பிளஞ்சர், அதன் வாய்க்குள் ஒரு ஸ்பிரிங், இரண்டையும் உள்ளே வைத்து அடைக்க ஒரு மூடி ஆணி. ஒயில் பிரஷர் கூடினால் பிளஞ்சர் பின்வாங்கி வழி விடும். ஸ்பிரிங் பிழையாக இருந்தால் ஒயிலெல்லாம் அந்த வழியாலேயே கீழே இறங்கிவிடும், பெயாரிங் காய்ந்து சாகும். இவ்வளவு முக்கியமான ஸ்பிரிங்கை, கழற்றிய கையோடு யாரோ மாஜரின் டின்னுக்குள் போட்டிருந்தார்கள். டின்னுக்குள் ஏற்கெனவே இரண்டு ஸ்பிரிங் கிடந்தன. மூன்றும் ஒரே உயரம்.

போடியார் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னுடைய மெசின் எனக்குத் தெரியாதா என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது பிளஞ்சரின் வாய்க்குள் போகவேயில்லை. மற்றது போனது, போய் உள்ளே கிடந்து ஆடியது. மூன்றாவது உறைக்குள் கத்தி இறங்குவதுபோல் இறங்கி நின்றது. நான் வானொலிச் செய்திக் குரலில் முடிவை அறிவித்தேன். போடியார் சிரிக்காமல் பாஸைப் பார்த்துச் சொன்னார்: "சம்பந்தம் பேசப் போறண்டாலும் இவனக் கூட்டித்துப் போகணும் கா, போட்டுப் பாத்துத்தான் பொருத்தம் சொல்லுவான்."

செப்பு வாசர்

ஒயில் ஒழுகாமல் மூடி ஆணிக்கு அடியில் போடும் செப்பு வாசர் நசுங்கியிருந்தது. காத்தான்குடியில் எங்களுக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். ஹாஜியார் அலுமினிய வாசரை எடுத்து நீட்டி, எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்கள் என்றார். செம்பு கேட்ட என் பேச்சு எடுபடவில்லை. மெதுவாக வெளியே போய், சுவரோரம் நின்று, கடைப் போனுக்குக் கோல் எடுத்து, மூக்கில் தொடங்கித் தொண்டையில் முடிகிற பாஸின் குரலில் செம்புதான் வேணும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

திரும்பி உள்ளே வந்தபோது செப்பு வாசர் மேசையில் ரெடி. ஹாஜியார் அதைச் சுற்றிக் கொடுத்தபடி கேட்டார்: "ஒங்கட பாஸ் செவருக்கு அங்கால நிண்டுதான் பேசுறாரெண்டா, போன் எதுக்கு மனே?"

ஆளுக்குப் பிரஷர் இல்லை

பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணினோம். இஞ்சின் நல்ல சத்தம். ஆனால் ஒயில் மீற்றரின் முள் கிடந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பாஸ் உடனே நிறுத்திவிட்டு, போடியாருக்குச் சொல்லு என்றார். நான் பாஸின் குரலிலேயே கோல் எடுத்தேன். அவர் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வீட்டில் விட்டுவிட்டு வந்த போனை அவருடைய மனைவி பூமணி அக்கா எடுத்தார். பாஸுக்கு எல்லா இஞ்சினும் 'ஆள்'தான். அவருடைய குரலில் பேசும்போது நானும் அப்படித்தானே சொல்ல வேண்டும். பழைய ஆள்தானே அக்கா, பிரஷர் கொஞ்சமும் இல்லை, கழட்டித்தான் பார்க்கணும் என்றேன். அந்தப் பக்கம் போன் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓட்டோ வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்போல் பூமணி அக்கா இறங்கினார், ஒரு கையில் சூப் போத்தல், மறு கையில் போடியாரின் சாரமும் துவாயும். தேத்தண்ணிக் கடைப் பணிசைக் கடித்தபடி எதிரே வந்த புருசனைக் கண்டதும் அக்கா அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "உயிரோட இருக்கிற மனிசனக் கழட்டிப் பாக்கப் போறாங்களெண்டுதான் நான் விழுந்தடிச்சி வந்தன்."

படுவான் பக்கம்

சிரித்து முடித்தபோது வாவிக்கு மேலே வானம் கறுத்துவிட்டது. போடியார் சூப்பைத் தொடவில்லை. நாளைக்கு மெசின் இறங்காவிட்டால் இனி இல்லை என்றார். பாஸ் பம்பில் சந்தேகப்பட்டார். பம்பைப் பார்ப்பதென்றால் அடிப்பக்கம் முழுவதும் கழற்ற வேண்டும். நாளை என்ன, நாளை மறுநாளும் முடியாது.

வால்வைப் பூட்டியவர் எங்கள் கராஜில் வேலை செய்கிற நசீர் நானா. ஓட்டோ இஞ்சினில் புலி, இந்த மெசினில் கை வைத்தது முதல் தடவை. எப்படிப் பூட்டினீர்கள் என்று கேட்டேன். பாஸ் சொன்ன மாதிரியே, பிளஞ்சரின் வாய் படுவானுக்கு என்றார். எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பாஸுக்கு இடம் வலம் கிடையாது. சூரியன் எழுகிற எழுவான் பக்கம், படுகிற படுவான் பக்கம்தான். அவர் திருத்த வந்த வேறொரு வான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைச் சொன்னபோது, வால்வுத் துவாரம் மேற்கே பார்த்திருந்தது. பிறகு சாரல் அடித்ததால் இஞ்சினை ஸ்டாண்டோடு திருப்பி வைத்தோம். துவாரம் கிழக்குக்கு வந்துவிட்டது. நசீர் நானா சொல் தவறாதவர். வாயை மேற்குக்கே வைத்து, ஸ்பிரிங்கை அதன் முதுகில் முட்டவிட்டு இறுக்கியிருக்கிறார், பிளஞ்சர் ஒயில் வழியை அடைக்கவேயில்லை.

"அத மறுகா பிரட்டிப் போடு" என்றேன், பாஸின் குரலில். சரி பாஸ் என்று நசீர் நானா ஆணியைக் கழற்றத் தொடங்கினார். அசல் பாஸ் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றார். பிளஞ்சரைக் காந்தத்தால் இழுத்தெடுத்து, திருப்பி, வாய்க்குள் ஸ்பிரிங்கை வைத்து, மூடி இறுக்கினோம். ஸ்டார்ட் பண்ணியதும் முள் எழும்பி நடுவில் நின்றது. எல்லாருமாக இஞ்சினை மெசினில் ஏற்றிப் பூட்டியதும், அன்றைக்கே போடியார் மெசினில் ஏறி வாவிப் பாலம் கடந்து போனார்.

மறுநாள் பின்னேரம், முள் இறங்கவில்லையே என்று கேட்க பாஸ் தானே கோல் எடுத்தார். போடியார் போட்ட சத்தம் கராஜ் முழுக்கக் கேட்டது: "டேய், பாஸ்ர குரல் இன்னும் சரியா வரல்லடா, மூக்கால கொஞ்சம் கூடப் பேசு. உழுது முடிஞ்சி, முள்ளும் நிக்கிது எண்டு அந்தாளுக்குச் சொல்லு."

இப்போதெல்லாம் எங்கள் பாஸ் எவருக்குக் கோல் எடுத்தாலும், பேசுவது தான்தான் என்று நிரூபித்து முடித்த பிறகே இஞ்சினைப் பற்றித் தொடங்குகிறார்.