நடுங்காத கை

முடிதிருத்துகிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. அவருக்கு நடுங்கியதே இல்லை. அடுத்தவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கோபப்பட முடியுமா? ஒரு பக்கக் கிருதா ஏறியிருக்கிறது என்று சண்டைக்கு வந்தவரிடம்கூட, மறுபக்கத்தையும் ஏற்றிவிட்டுச் சிரித்து அனுப்புகிறவர். அந்த நல்ல பெயரே இப்போது வினையாக வந்து நின்றது.

கூடத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரே ஒரு சிங்கமீன். விரல் நீளம்தான், ஆனால் வரிவரியான செட்டைகளை விசிறிபோல் விரித்துக்கொண்டு, பாறைக்கடியில் மாப்பிள்ளை முறுக்கோடு கிடக்கும். பவளப்பாறையில் உயிருள்ளதை வேட்டையாடித் தின்ற பிறவி. கொண்டுவந்த நாளிலிருந்து பட்டினி.

"குட்டி மீனையே உயிரோட போட்டுட்டிருந்தா ஈரல் கெட்டுடும்ணே," என்றார் அதை விற்ற மீன்கடைக்காரர். "செத்த இறாலைக் குச்சியில குத்தி, உயிர் இருக்கிற மாதிரி உதறிக் காட்டுங்க. இந்த வாரமும் தின்னலேன்னா ஆசையை விட்டுடுங்க."

உதறிக் காட்டினார். இறால் நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் வந்தது. மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் வயிறு ஒட்டிக்கொண்டே போனது.

பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "இறாலை ஆட்டுறீங்களா, இல்ல அதுக்கு மீசை ஒதுக்கி விடுறீங்களா?"

"வாயை மூடிட்டுப் போடி." சுள்ளென்று வந்த கோபத்தில் குச்சி துள்ளியது. லபக். இறாலைக் காணவில்லை.

மறுநாள் நிதானமாக நின்றார், மீன் சீண்டவில்லை. கோபத்தை வலிய வரவழைக்கக் கிருதாக்காரரை நினைத்தார். சிரிப்புத்தான் வந்தது. கடைசியில் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கொஞ்சம் வந்து திட்டேன்."

"இதுக்கும் நான்தானா?" ஈரக் கையோடு வந்தாள். "தன் தலையில முடி கொட்டுறதை நிறுத்தத் துப்பில்ல, ஊரான் தலைக்கு வைத்தியம்."

அது ஓரிரு வேளைக்கு ஓடியது. பிறகு அவருடைய அக்காமாரை ஒவ்வொருவராக வம்புக்கு இழுத்தாள். பழகிப்போன திட்டு எருமைமேல் பெய்த மழைதான். கை மறுபடி கல்லாகிவிட்டது. மீன் மறுபடி பட்டினி.

"வேற ஏதாவது சொல்லேன். இன்னைக்கும் தின்னலேன்னா செத்துடும்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போன மாசம் இந்தத் தொட்டித் தண்ணி கீழ் வீட்டுக்கு ஒழுகுச்சுன்னு, வீட்டுச் சொந்தக்காரர் என்னை மாடிப்படியில நிக்க வெச்சுக் கத்தினாரே. நீங்க பின்னாடியே நின்னு 'சரிங்க சார், சரிங்க சார்'னீங்க. அன்னைக்கு ஆடாத கை எதுக்காவது ஆடுமான்னுதான் நானும் பாக்குறேன்."

அவள் குரலில் கிண்டல் இல்லை. அவர் கையிலிருந்த குச்சி கிடுகிடுவென்று ஆடியது. மீன் பாய்ந்து கவ்வியது.

"தின்னுடுச்சு பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நான் அன்னைக்கு..." என்று அவர் தொடங்கியபோது உள்ளே குழாய்த் தண்ணீர் சத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மீன் விழுங்கிவிட்டு, அடுத்ததற்காக மேலே பார்த்தது.