காம்பு நறுக்கிய பியோனி

கல்யாணத்துக்கென்று மகள் கேட்டது ஒன்றுதான்: முகூர்த்த மாலையில் பியோனிப் பூ இருக்க வேண்டும். புடவை, மண்டபம், மாப்பிள்ளை எல்லாம் நாங்கள் முடிவு செய்தவை. பெங்களூரில் தன்னோடு வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று எட்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மறுத்தார். நான் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்றாள். அன்றைய டைரியில் 'சம்மதித்தாள்' என்று எழுதி, நேரத்தையும் குறித்திருக்கிறேன்: 6.40.

பியோனியை அவளுடைய போனில்தான் முதலில் பார்த்தேன். வெளிர் ரோஜா நிறம். பலமுறை துவைத்த மல் துணியை அடுக்கி வைத்தது போல இதழ்கள். பெங்களூரில் தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

"சாயங்காலம் மூடுன கை மாதிரி இருக்கும்மா. காலைல பாத்தா தட்டு அகலத்துக்கு விரிஞ்சி கெடக்கும்."

அதைச் சொன்னபோது மட்டும் அவள் முகம் பழைய முகமாக இருந்தது. எங்கள் ஊர் மாரண்டஹள்ளியைச் சுற்றிச் சாமந்தியும் சம்பங்கியும் ஏக்கர் கணக்கில் விளைகின்றன. இது குளிர் நாட்டுப் பூ, இங்கே வராது. பெங்களூர்க் கடை ஒன்றில் சொல்லிவைத்தோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணி பஸ்ஸில் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. பன்னிரண்டு மொக்குகள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு, முழ நீளக் காம்போடு. மகள் இரு கைகளிலும் மருதாணி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திறந்து முகத்தருகே நீட்டினேன். மோந்து பார்த்துச் சிரித்தாள். கை காய்ந்ததும் தானே வந்து எடுத்து வைப்பதாகச் சொன்னாள்.

எந்த வேலையையும் பாதியில் விட்டுவைக்க எனக்கு வராது. மல்லி மொக்குக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். காம்புகளை ஒட்ட நறுக்கினேன். மொக்குகளை ஈரத்துணியில் சுற்றி வாழையிலைமேல் வரிசையாக வைத்தேன். மல்லியைக் காலையில் பறித்தால் காம்பு இல்லாமலே சாயங்காலம் தலையில் மலர்ந்துவிடும். பூ என்றால் அப்படித்தான் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். நறுக்கிய காம்புகளைக் குப்பையில் கொட்டி, இடத்தையும் பெருக்கிவிட்டேன்.

மதியம் வந்து துணியைப் பிரித்தாள்.

"காம்பு எங்கம்மா?"

"நறுக்கிட்டேன் சாமி. மாலை கட்டறவரு எப்படியும் நறுக்கத்தானே போறாரு."

"விரிஞ்சப்புறம் நறுக்கணும்மா. காம்பு வழியா தண்ணி குடிச்சாத்தான் அது விரியும்."

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மொக்குகளை மிதக்கவிட்டோம். விடியும்போதும் அவை மூடியபடியே இருந்தன. வெளி இதழ்களின் ஓரம் பழுப்பேறியிருந்தது. மாலை கட்டுபவர் ஒன்றை விரல்களில் உருட்டிப் பார்த்து, மொக்குலயே போயிருச்சுங்க என்று சொல்லிவிட்டு, சம்பங்கியாலேயே மாலையை முடித்தார். மகள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

மறுவீட்டுக்கு வருவதற்கு முன்பு போன் செய்தாள். அன்றைக்காவது பியோனி வரவழைக்கட்டுமா, இந்த முறை பெட்டியை நான் தொடவே மாட்டேன் என்றேன்.

"வேண்டாம்மா. எனக்கு இனிமே எதுவும் வேண்டாம்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அதைத் தணிக்க ஏதாவது வழி தேடியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.