அண்ணைக்கு உரிய சிலுவை

பழைய ஏற்பாட்டில் ஒரு தம்பி இருக்கிறான். கண் தெரியாத தகப்பனிடம், கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு போய், அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிவிடுவான். பூசையில் அதை வாசிக்கும்போதெல்லாம் நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். கோயிலுக்குள் நாங்கள் செருப்புப் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஊர்காவற்றுறைப் பக்கத்தில் எங்களுடையது கடற்தொழில் குடும்பம். எங்கள் தகப்பன் அப்புவும் அண்ணையும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். நான் ஏறினால் கரை மறைய முதலே தலைசுற்றிச் சத்தி எடுப்பேன். ஆகவே கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். அண்ணை ஒருநாள் வாய்ச்சண்டையில் அப்புவுக்குக் கை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை, ஓங்கியதுதான். அன்றே பெண்சாதியின் ஊரான நெடுந்தீவுக்குப் போனவர், ஆறு வருடம் திரும்பவில்லை.

சாகக் கிடக்கும் தகப்பன் பிள்ளைகளின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுவது எங்கள் வழக்கம். பிழை செய்த பிள்ளைக்கு அதுதான் மன்னிப்பு. அப்பு பாயில் விழுந்தபோது அவருக்குக் கண் இரண்டும் போய்விட்டிருந்தன. எனக்குச் சிலுவை போட்டார். பிறகு, பெரியவன் வரட்டும் என்று சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தார். தந்தி அடித்தோம். மார்கழிக் காற்றுக்கு நெடுந்தீவு லோஞ்ச் படகு ஓடவில்லை.

மூன்று நாள். எந்தக் காலடிச் சத்தத்துக்கும் தலையைத் திருப்பி, பெரியவனோ என்று கேட்பார். எனக்குத் தாங்கவில்லை. சுவாமியார் முதல் சங்கக்கடை மனேஜர் வரை எல்லோரையும் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பு வாங்குகிறவன் நான். அண்ணையின் குரலா எனக்குப் பெரிய காரியம்? அம்மா குசினிக்குள் போன நேரம் முழங்காலில் நின்றேன்.

"அப்பு, பெரியவன் வந்திருக்கிறன்."

என் கையைத் தடவினார். கயிறு இழுத்துக் காய்த்த கையைத் தேடியிருப்பார். அகப்பட்டது சீனி நிறுக்கிற கை.

"கை மெத்தெண்டு கிடக்கு."

"இப்ப தொழிலுக்குப் போறேல்லை அப்பு."

நம்பினாரோ, நம்ப ஆசைப்பட்டாரோ. பெருவிரல் நெற்றிக்கு வந்தது.

"அதை நான் அண்டைக்கே மறந்திட்டன் மோனை."

முகம் தெளிந்துவிட்டது. புண்ணியம் செய்த மிதப்பில் நான் வெளியே போய் ஒரு சுருட்டுப் பற்றவைத்தேன். பின்னேரம் அவருக்குப் பேச்சு நின்றது.

அடுத்த நாள் காலை காற்று விழுந்தது. அண்ணை முதல் லோஞ்சில் நனைந்தபடி வந்தார். அப்புவின் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். விரல் அசையவில்லை. விட்டதும் கை பாயில் விழுந்தது. மத்தியானம் சீவன் போனது.

அடக்கம் முடிந்ததும், ஆறுதலாக இருக்கும் என்று நடந்ததை அண்ணையிடம் சொன்னேன். வாய் சும்மா இருக்காதே, ஒரு பகிடியும் சேர்த்தேன்.

"சிலுவை என்ர நெத்தியிலதான் கிடக்கு அண்ணை. வேணுமெண்டால் துடைச்சு எடுங்கோ."

அவர் சிரிக்கவில்லை.

"எனக்காகப் பிடிச்சுக்கொண்டு இருந்த சீவனடா. நீ அவிட்டு விட்டிட்டாய்."

வேதத்தில் வரும் அந்த இரண்டு பேரும் பல வருடங்களுக்குப் பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதை நம்பி வருடாவருடம் சத்தி எடுத்துக்கொண்டே நெடுந்தீவுக்குப் போனேன். அண்ணை கடலுக்குப் போய்விட்டார் என்பார் அண்ணி. வள்ளம் கரையில் கிடக்கும்.

ஏழாம் முறை அண்ணி தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றார்.

"தம்பி, நீர் வந்திட்டுப் போனால் அவர் ரெண்டு நாள் சாப்பிடுறேல்லை. இனி வராதேயும்."

ஓம் என்றேன். பகிடி ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். லோஞ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது.