பின்னிறக்கையில் ஒரே ஒரு புள்ளி

என் மகளுக்கு என்னைவிட அவள் சித்தியைத்தான் அதிகம் பிடிக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? சித்தி என்றால் என் கொழுந்தனார் மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டு மாடிக்கு நேற்று வந்தவள். பட்டாம்பூச்சிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு தாமல் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவாள். என் மகளும் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடுவாள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பட்டுக் கடையில் வேலை. சென்னையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு கல்யாணப் பட்டு எடுக்க வருகிற கூட்டம் அன்றைக்குத்தான் வந்து இறங்கும். பொழுதுக்கும் புடவையை விரித்துக் காட்டி, மடித்து வைத்து, கால் வீங்கி வீடு வந்து சேர்ந்தால், இவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சித்தி அதைச் சொன்னாள், சித்தி இதைக் காட்டினாள் என்று ஆரம்பிப்பாள். பெற்றவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

சரி, நாமும் இந்தப் பேச்சுக்குள் புகுந்து பார்ப்போம் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியில் கறுப்பு இறக்கையும் சிவப்புத் திட்டுமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. முந்தின வாரம் சாப்பிடும்போது அவள் சொன்ன பெயர் நினைவிருந்தது. கிரிம்சன் ரோஸ் வந்திருக்கிறது, ஓடி வா என்று கூப்பிட்டேன். பல் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

“ஐயே, ஒடம்பப் பாரும்மா. கருப்பா இருக்குது. ரோஸுன்னா ஒடம்பே செவப்பா இருக்கும். இது மோர்மன்னு வேற பூச்சி, அதுல பொண்ணு. ரோஸு வெஷம், குருவிங்க துண்ணாதுன்னுட்டு, அது மாதிரியே வேஷம் போட்டுக்கினு திரியுது.”

அதோடு விட்டாளா? வாய்கூடக் கொப்பளிக்காமல் மாடிக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கீழே கேட்டது. அவர்கள் வேறு எதற்காவது சிரித்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மார்கழி பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தக் காலத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகூட அப்படிப் படிக்காது. என்னை மிகவும் படுத்தியது ஒரு ஜோடி. ஒன்று வெந்தய வரியன், எருக்கஞ்செடிப் பக்கம் எப்போதும் பறக்கிற ஆரஞ்சு நிறப் பூச்சி. இன்னொன்று டனாய்ட் எக்ஃபிளை. அதில் பெண் பூச்சி அப்படியே வெந்தய வரியன் மாதிரி இருக்கும். அதே ஆரஞ்சு, இறக்கை நுனியில் அதே கறுப்பு, கறுப்புக்குள் அதே வெள்ளைப் பட்டை. பின்னிறக்கையைப் பார்த்தால்தான் குட்டு உடையும். வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருக்கும். எக்ஃபிளைக்கு மேலோரத்தில் ஒரே ஒரு புள்ளி. படம் படமாகப் பார்த்து அதை மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, நானும் வருகிறேன் என்றேன். மகள் குதித்தாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏரிக்கரையில் இறங்கியதும் சித்தியோடு முன்னால் போய்விட்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பாதையில், வெயில் விழுந்த மண்ணில், இறக்கையை விரித்தபடி ஒன்று உட்கார்ந்திருந்தது. சித்தி வெந்தய வரியன் என்று சொல்லிவிட்டுக் கேமராவைக்கூடத் தூக்காமல் தாண்டிப் போனாள். அங்கே நூறு வெந்தய வரியன் பறக்கிறது, அவள்மேல் தப்பில்லை. நான் குனிந்து பார்த்தேன். பின்னிறக்கையில் ஒரு புள்ளி. மறுபடி பார்த்தேன், ஒன்றுதான். எக்ஃபிளையேதான்.

மெதுவாகக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

“நில்லும்மா. ஊருக்கே பாடம் எடுக்குற, ஒரு புள்ளிக்கும் மூணு புள்ளிக்கும் வித்தியாசம் தெரியல. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி என் பொண்ணுக்குச் சொல்லித் தராத.”

அவள் திரும்பி வந்து குனிந்தாள். முகம் செத்துப்போயிற்று. “ஆமாக்கா. நான் சரியா பாக்கல” என்றாள். கல்லூரிக் காலத்திலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாளாம், ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லையாம். அவசரமாகக் கேமராவை எடுத்தாள். அதற்குள் அது எழும்பி எருக்கம் புதருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் கண் கலங்கிவிட்டது.

நான் மகளைத்தான் பார்த்தேன். யார் சொன்னது சரி என்று கேட்டேன். அவள் வாயால் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடு.

“நீதாம்மா கரெக்ட்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். சொல்லிவிட்டு நேராகச் சித்தியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வுடுங்க சித்தி. இங்கதான் எங்கனா ஒக்காந்துக்கினு இருக்கும். நான் தேடிக் குடுக்கறேன், வாங்க.”

என் மகளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெற்று வளர்த்த இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை.