லோகாக்கா பிடித்த வெளிச்சம்

செய்தி வந்தபோது நான் மலைமேல் ஒரு கல்யாணத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். திருத்தணி மலையில் முகூர்த்த நாள் என்றால் ஒரு ஜோடி தாலி கட்டி முடிப்பதற்குள் அடுத்த ஜோடியின் தாய்மாமன் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று இடம் பிடித்துவிடுவார். அந்த நெரிசலில் கைப்பேசி சட்டைப்பைக்குள் விடாமல் அதிர்ந்தது. தாலி ஏறிய பிறகு எடுத்தேன். லோகநாயகியின் தம்பி தாமோதரன்.

"சார், அக்கா காலைல தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிடுச்சி."

கூட்டத்தை விட்டு ஓரமாக ஒதுங்கினேன். அவர் தொடர்ந்தார்.

"பேனர் அடிக்கணும் சார். உங்ககிட்ட அக்கா போட்டோ இருக்குமே, ஒண்ணு அனுப்புங்க. கொஞ்சம் கலரா இருக்கிற மாதிரி பாத்து."

லோகாக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் எங்கே குத்தும் என்று தெரியும். அவர்களுக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படிக்கட்டும். அன்று மாலைக்குள் ஒரு கறுத்த முகம் கறுத்த முகமாகவே தெருமுனைப் பேனரில் ஏற வேண்டியிருந்தது. அதற்கு நான் என்ன பாடுபட்டேன் என்பதை அவர்களிடம்தானே சொல்ல முடியும்.

எங்கள் ஸ்டூடியோவின் முதலாளி லோகாக்கா. கல்யாணங்களில் விளக்குப் பிடிப்பதும் அவர்தான். நான் அவரிடம் சம்பளத்துக்குக் கேமரா பிடித்தவன். கல்யாண வீடுகளில் இதை யாரும் ஊகித்ததில்லை. கேமரா வைத்திருப்பவன் சார். விளக்குப் பிடிப்பவர் "ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு." எனக்கு முதல் பந்தியில் இலை போட்டு இரண்டாம் முறை அப்பளம் வேண்டுமா என்று கேட்பார்கள். முதலாளி கடைசிப் பந்தியில் ரசத்தோடு ஆரம்பிப்பார். ஒருமுறை பெண்வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சும்மா இருங்க சார். ஓனருன்னு தெரிஞ்சா கூட்டிகினு போய் முன்னாடி சேர்ல உக்கார வெச்சிடுவாங்க. அங்கேந்து பொண்ணு மூஞ்சி தெரியாது."

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் கல்யாண வீடியோ விளக்கு என்பது ஏறத்தாழ ஓர் அடுப்பு. மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் இளகி மூக்கு நுனியில் நிற்கும். ஒயர் காலில் சிக்கி வாரத்துக்கு ஒரு பெரியவர் விழுவார். கறுத்த பெண் அந்த வெளிச்சத்தில் வெளுத்துப் போவாள், வெளுத்த பெண் காணாமலே போவாள். உள்ளங்கையில் அடங்கும் எல்.இ.டி. விளக்குகள் வந்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் வாங்கியவர் லோகாக்கா. ஒயர் கிடையாது, சூடு கிடையாது. புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு பேருந்தில் போகலாம். போயிருக்கிறார்.

முதலில் வாங்கியது மலிவான சரக்கு. அதை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டு நலங்குக்குப் போனோம். தறியை நிறுத்தி, ஓரமாகத் துணி போட்டு மூடி, பெண்ணை மணையில் உட்கார வைத்து மஞ்சள் பூசினார்கள். நேரில் மஞ்சளாக இருந்த முகம் வீடியோவில் பச்சையாக வந்திருந்தது. குங்குமம் செங்கல் நிறம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு காமாலைன்னு ஏன் முன்னாடியே சொல்லல?" என்று பெண் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். நாங்கள் பெரியம்மா வீட்டுக்கு நேரில் போனோம். காமாலை வந்தால் முகம் மஞ்சளாகத்தான் ஆகும், பச்சையாகாது என்று நான் நியாயம் பேசினேன். லோகாக்கா என்னை வாசலில் நிற்கச் சொன்னார். கூடத்தில் அந்த விளக்கை எரியவிட்டு, தன் முன்னங்கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, பெரியம்மாவின் கைப்பேசியிலேயே படம் எடுக்க வைத்தார். பெரியம்மா படத்தில் பச்சையாக வந்த கையை உற்றுப் பார்த்தார்.

"அடி, உனக்கும் ஒட்டிகிச்சே," என்றார்.

பிறகு இருவரும் சிரித்த சத்தம் வாசல் வரை கேட்டது.

அன்றிலிருந்து எந்த விளக்கையும் அவர் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கியதில்லை. சென்னைக் கடைகளில் கைப்பையிலிருந்து மஞ்சள் கிழங்கையும் குங்குமச் சிமிழையும் வெளியே எடுத்து வைப்பார். விற்பனையாளர்கள் கடைக்குப் பூசை போட வந்திருப்பதாக நினைத்து எழுந்து நிற்பார்கள். "மஞ்சள் மஞ்சளா தெரியணும், குங்குமம் குங்குமமா தெரியணும், நான் நானா தெரியணும். இது மூணும் தெரிஞ்சா பில்லு போடு," என்பார். ஒவ்வொரு கல்யாணத்திலும் பெண் வருவதற்கு முன்னால் மணையருகே தானே போய் நின்று விளக்கைச் சரிபார்ப்பார். நான் ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். அவர் கேமராவின் முன்னால் நின்றது அந்தச் சில நொடிகள்தான்.

எங்கள் வட்டாரத்துக் கல்யாண ஆல்பங்களை ஆதாரமாகக் கொண்டு பிற்காலத்தில் யாராவது சரித்திரம் எழுதினால், தொண்டை மண்டலத்தில் கறுப்பானவர்கள் சமையல்கட்டில் மட்டுமே வசித்தார்கள் என்று எழுத நேரும். மேடையில் ஏறிய எல்லோரும் பால் நிறம். நிறம் ஏற்றுவது இன்று ஒரு விரல் தேய்ப்பு. கேட்காமலே ஏற்றித் தருகிறார்கள், கருவேப்பிலை கொசுறு போல. லோகாக்கா மட்டும் ஏற்ற மாட்டார். இதற்கு அவர் கொள்கை விளக்கம் எதுவும் தந்ததில்லை. பள்ளிப்பட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே கரும்பு வைத்திருக்கும் ஒருவரின் மகள் கஸ்தூரி. வரன் பார்ப்பதற்காக வேறெங்கோ படம் எடுத்து, தாராளமாக நிறம் ஏற்றி, நாலு பக்கமும் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கஸ்தூரி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, பொண்ண கூப்பிடுங்க," என்றார்கள். அடுத்து வந்த வீட்டார் இன்னும் மரியாதையானவர்கள். "போட்டோவுல இருக்கிறது தங்கச்சிங்களா?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு கஸ்தூரியின் அப்பா எங்களைக் கூப்பிட்டார். அனுபவம் அவருக்குப் பாடம் கற்பித்திருந்தது.

"இந்தவாட்டி கொஞ்சமா ஏத்துங்கம்மா. சந்தேகம் வராத அளவுக்கு."

லோகாக்கா வேலையைத் தொடங்கினார். வெள்ளைச் சுவரை விட்டு அந்தப் பெண்ணை நெல் மூட்டைகள் அடுக்கிய இருட்டு அறைக்குள் கொண்டுபோனார். கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு அதன் பின்னால் ஒரு விளக்கு, தோளுக்குப் பின்னால் இன்னொன்று. "கறுத்த மூஞ்சிக்கு நேரா அடிச்சா எண்ணெ வழியுற மாதிரி இருக்கும் சார். பக்கவாட்டுல வெச்சா அதே பளபளப்புதான் களையா தெரியும்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கேமராவின் திரையில் கஸ்தூரி தெரிந்தாள். கறுப்பாக, கஸ்தூரியாக.

அப்பா எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் ஏத்தலாமே."

விளக்குகள் அணைந்தன.

"கரண்டு போச்சாம்மா?"

"பேட்டரி லைட்டுக்கு கரண்டு ஏது. நான்தான் நிறுத்தினேன். நீ பேசி முடி நைனா, அப்பறம் போடறேன்."

அவர் பேசினார். ஊர் என்ன சொல்கிறது, உறவு என்ன சொல்கிறது, வயது ஏறுகிறது, நிலம் இருந்து என்ன, ஆண்டவன் நிறத்தில் கொஞ்சம் பார்த்துச் செய்திருக்கலாம். எல்லாவற்றையும் அந்த இருட்டில், மகள் கேட்க, சொல்லி முடித்தார். கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து கஸ்தூரியின் குரல்தான் வந்தது.

"போடுங்கக்கா."

அந்தப் படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. படத்தையும் பெண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று உறுதி செய்துகொண்டு, ஊர் தூரம் என்று சொல்லிப் போய்விட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. கஸ்தூரி போனில் லோகாக்காவிடம், "பரவால்லக்கா. இந்த தபா என்னயத்தானே வேணான்னு போனாங்க," என்றாளாம். அதற்கடுத்து வந்தவர்கள் பேசி முடித்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் போனோம். லோகாக்காவுக்கு வழக்கம்போல் கடைசிப் பந்தி.

இப்படிப்பட்டவருக்குத்தான் கலராக ஒரு படம் கேட்டார் அவர் தம்பி.

விளக்குச் சோதனைக்காக எடுத்த படங்களில் ஒன்று என்னிடம் இருந்தது. பக்கவாட்டு வெளிச்சம், யாரையோ திட்டுவதற்குச் சற்று முந்தைய முகம். எதையும் மாற்றாமல் அனுப்பினேன். கல்யாணக் கூட்டம் கலைவதற்குள் பேனரின் மாதிரி என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. பின்னணியில் நீர்வீழ்ச்சி, இருபுறமும் புறாக்கள், நடுவில் சிகப்பழகுக் களிம்பால் முழுவதும் குணமான ஒரு பெண்மணி. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு மலையிறங்கினேன்.

பேனர் கடை லோகாக்காவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. தாமோதரன் அங்கேயே இருந்தார். கணினி முன் உட்கார்ந்திருந்த கடைக்காரரிடம், படத்தைப் பழையபடி வைக்கச் சொன்னேன்.

"ஒரிஜினல்ல கறுப்பா இருக்காங்க சார்."

"ஆங், இருந்தாங்க."

"செத்தவங்கள எல்லாம் வெளுப்பாத்தான் போடுவோம். இதுவரைக்கும் யாரும் வந்து கம்ப்ளெய்ண்ட் பண்ணதில்ல."

"அவங்க எப்படி வருவாங்க? அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

தாமோதரன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அழுது வீங்கிய கண்கள். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய மகள் சுகுணாவுக்கு ஓர் இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் துக்கத்துக்கு வருவார்கள். பேனர்தான் முதலில் கண்ணில் படும்.

"அத்தைக்காரியே இந்த கலருன்னு அங்கயே பேச்சு வரும் சார். உங்களுக்கு தெரியாதா."

"சுகுணா வீட்டுலதானே இருக்கும்? வரவங்க அத பாக்க மாட்டாங்களா?"

"அது வேற சார்," என்றார். எப்படி வேறு என்று இருவருக்குமே தெரியவில்லை.

நான் நகரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அச்சு இயந்திரத்தை ஓடவிட வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போக வேண்டும். இடம் அவ்வளவு குறுகல். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு டீ சொன்னார். டீ வந்தது, ஆறியது. ஐஸ் பெட்டி வந்துவிட்டதென்று அப்பாவைக் கூப்பிட சுகுணா வந்தாள். வந்தவள் திரையைப் பார்த்தாள்.

"இது யாரு? பாவம், இவங்களும் இன்னிக்கா?"

கீழே இருந்த பெயரைப் படித்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அத்த எங்க நைனா?"

தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் இதே கலருதான். என்னய எந்த கடையில குடுத்து மாத்துவ?"

கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்பது போலத்தான் கேட்டாள். தாமோதரன் திரையின் பக்கம் திரும்பினார். பிறகு கடைக்காரரிடம், "பழசயே போடுப்பா," என்றார். போகும்போது திரும்பி, "அந்த புறாவையும் எடுத்துடு. அக்காவுக்கு புறா புடிக்காது," என்றார். அது எனக்கே புதிய தகவல்.

மாலையில் லோகாக்கா தெருமுனையில் ஏறினார். வந்தவர்கள் பலர் அந்தப் பேனருக்கு முன்னால் சற்று நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்கள். இவ்வளவு வருடம் நேராகப் பார்க்காத முகத்தை அன்றுதான் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேனரைப் பார்த்தார், தண்ணீர் கொண்டுவந்த சுகுணாவைப் பார்த்தார். "அத்த ஜாடை அப்படியே," என்றார். இது நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று தாமோதரன் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. சுகுணா சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், தூங்குகிறாள்.

அந்தச் சின்ன விளக்குகளைத் தாமோதரன் என்னிடமே கொடுத்துவிட்டார். அவை பேட்டரி கெடும்வரை இருக்கும். கெட்டால் வேறு வாங்கலாம். லோகாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, யார் எவ்வளவு நயமாகக் கேட்டாலும் ஒரு முகத்தை வெளுத்துத் தர மறுக்கும் அந்தப் பிடிவாதம். அது கடையில் கிடைக்காது என்பதால் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஸ்டூடியோ திறந்துதான் இருக்கிறது. நிறம் ஏற்ற வேண்டியவர்கள் பக்கத்துக் கடைக்குப் போகலாம். அங்கே நன்றாகவே ஏற்றுகிறார்கள்.