பதினோரு வண்டி எண்கள்

மாணிக்கம் வந்தது எனக்குக் கேட்கவில்லை. வாசலில் நிழல் விழுந்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன். மோட்டார் சைக்கிளைத் தெருமுனையிலேயே அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நிறுத்தியிருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் அவர் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் இன்றும் உண்டு.

"சார், ரத்னம்மாக்கா போயிட்டாங்க. கிருஷ்ணகிரில, பொண்ணு வூட்ல. காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்தவங்க அப்படியே..."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு வந்தன். நீங்களும் அக்காவும் சேந்துதான என் வேலையக் காப்பாத்துனீங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதில் பாதி உண்மையில்லை.

ரத்னம்மா என்கிற முனிரத்னம்மாவை எங்கள் பேரூராட்சி அலுவலகத்தின் படி ஏறிய எல்லோருக்கும் தெரியும். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம் மூன்றாவது மேசை. கணவர் அங்கே வரி வசூலிப்பவராக இருந்து இறந்தபின் கருணை அடிப்படையில் கிடைத்த எழுத்தர் வேலை. வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கோப்பில் தமிழ். புகார் மனுக்களை வாங்கிப் பதிவு செய்வது அவர் பொறுப்பு. முத்திரை குத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "இது நடக்கறப்ப நீங்க எங்க நின்னுக்கினு இருந்தீங்க?" குப்பைப் புகாரானாலும் குழாய்ப் புகாரானாலும் அதே கேள்விதான். பலருக்கு அது எரிச்சலூட்டியது. எனக்கும்தான்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரிலிருந்து உத்தனப்பள்ளி வரைக்கும், ராகியும் தக்காளியும் பயிரிட்ட வீடுகளிலிருந்து ஒருவராவது ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார்கள். ஷிப்டு நேரத்துக்குப் பேருந்து கிடையாது. பெங்களூரிலிருந்து பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி வந்து, பெயர் மாற்றாமல் கர்நாடக எண்ணோடே ஓட்டினார்கள். மைலேஜ் கூடும் என்று யாரோ சொல்லப்போய், சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவி எடுத்திருந்தார்கள். முதல் ஷிப்டு முடிந்து மதியம் இரண்டரை மணிக்கு நாற்பது வண்டிகள் காதைப் பிளக்கும் சத்தத்தோடு ஒன்றாகத் திரும்பும். வழியில் பஞ்சரானால் துணை வேண்டும் என்று சேர்ந்தே வருவார்கள்.

நான் அறிவியல் ஆசிரியராக இருந்த பள்ளி அந்தச் சாலையின் இறக்கத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பு சாலையைப் பார்த்த அறை. தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பொதுத்தேர்வு வரை வந்த பிள்ளைகள் அவர்கள். ஒருநாள் ஒலி எப்படிப் பரவுகிறது என்று நடத்திக்கொண்டிருந்தேன். வண்டிகள் போய் முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், ஒலியப் பத்திச் சொன்னீங்களே, ஒண்ணுமே காதுல வுழல சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

ஒரு வாரம் இரண்டரை மணிக்கு ஜன்னலோரம் நின்று வண்டி எண்களைக் குறித்தேன். பதினோரு எண்கள் கிடைத்தன. அவற்றைத் தனித் தாளில் எழுதி, இவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற மனுவோடு இணைத்துப் பேரூராட்சியில் கொடுத்தேன். செயல் அலுவலர் படித்துவிட்டு, காவல் நிலையத்துக்கு அனுப்பும்படி ஓரத்தில் எழுதினார். அனுப்ப வேண்டியவர் ரத்னம்மா. அனுப்பவில்லை.

ஐந்தாம் நாள் போய்க் கேட்டேன்.

"மனு என்ன ஆச்சுங்க?"

"இருக்குது சார்."

"இருக்கறதுக்கா குடுத்தன்?"

"பாத்துக்கினு இருக்கன். அனுப்பறது ஒரு நிமிச வேல சார். அனுப்பிட்டா திருப்பி வாங்க முடியாது."

சோம்பல் என்று நினைத்தேன். அதைவிட மோசமாக, வண்டிக்காரர்களில் யாரோ அவருக்கு உறவு என்றும் நினைத்தேன். அன்று மாலையே மாவட்ட அதிகாரிக்கு அவர் பெயரைக் குறிப்பிட்டு ஒரு புகார் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்து, மதியம் இரண்டேகாலுக்கு, தலைமை ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டு ரத்னம்மாவே என் வகுப்புக்கு வந்தார். கையில் குடையும் என் பட்டியலும். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். "உக்காருங்க கண்ணுங்களா, நானும் படிக்கத்தான் வந்திருக்கன்" என்றபடி ஜன்னலருகே வந்து நின்றார்.

"நீங்க எங்க நின்னு எழுதினீங்க சார்?"

"இங்கதான்."

"இன்னிக்கும் எழுதுங்க. நான் பாக்கறன்."

வண்டிகள் வந்தன. பள்ளிக்கு நேர் எதிரே சாலையில் ஒரு குழி. தண்ணீர்க் குழாய் பதிக்கப் பேரூராட்சி தோண்டி, பல மாதமாக மூடாமல் விட்டது. முன்னால் வந்தவர்கள் குழியின் ஓரமாக வளைந்து பறந்தார்கள். பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, உறுமிக்கொண்டு குழியில் இறங்கி மெல்ல ஏறிப் போனார்கள். நான் நான்கு எண்களை எழுதினேன். ரத்னம்மா என் பழைய பட்டியலை விரித்தார். நான்கும் அதில் இருந்தன.

கோபம் வந்தால் அவர் வாயில் 'சார்' போய்க் கன்னடம் வந்துவிடும். "மேஷ்ட்ரே, பறந்துக்கினு போனான் பாருங்க, அவன் நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

என் தாளில் அப்படி ஓர் எண்ணும் இல்லை.

"யாராலயும் முடியாது. குழியப் பாத்து, கியரக் கொறச்சி, மெதுவாப் போறவன் நம்பர்தான் கண்ணுக்குச் சிக்கும். இந்தப் பதினொண்ணும் பொறுப்பா ஓட்றவங்க நம்பரு."

பரீட்சை அறையில் காப்பியடித்தவன் ஓடிவிட, நிதானமாக எழுதிக்கொண்டிருந்தவனின் தாளைப் பிடுங்கிய மேற்பார்வையாளர் போல நின்றேன். என் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்னம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பத்து நாளில் பதினோரு வண்டிகளையும் யாருடையது என்று விசாரித்திருந்தார். "மூணாவது நம்பர் உத்தனப்பள்ளி மாணிக்கம். வேல இன்னும் நிரந்தரமாகல. வண்டி பேப்பர் பெங்களூர்க்காரன் பேர்ல இருக்குது. ஸ்டேசன்ல வண்டியப் புடிச்சி வெச்சா ஷிப்டுக்குப் போக வழியில்ல. நாலு நாள் போவலன்னா பேர எடுத்துடுவாங்க. இத நான் அனுப்பட்டுமா, நீங்க சொல்லுங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று.

மறுநாள் இரண்டரை மணிக்குக் குழியருகே குடையை விரித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றார். என்னையும் வரச்சொல்லியிருந்தார். நாற்பது வண்டிகளும் நின்றன.

"என்னாக்கா, குழிக்குக் காவலுக்குப் போட்டுட்டாங்களா?" என்றார் ஒருவர்.

"குழிக்கு இல்ல, உங்க வண்டி வாய்க்கு. பள்ளிக்கூடத்துல பாடமே கேக்கல."

"நீங்க குழிய மூடுங்க, நாங்க வாய மூடறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ரத்னம்மா சிரிக்கவில்லை. குடையை மடக்கினார். கூட்டத்தில் தேடி, சரியாக மாணிக்கத்தின் வண்டி முன்னால் போய் நின்றார். "என்ன ஏத்திக்கினு குழில எறக்கு. எவ்ளோ சத்தம்னு நானும் பாக்கறன்."

மாணிக்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பொடவ சக்கரத்துல மாட்டிக்கும்."

"பொடவ என்னுது, நான் பாத்துக்கறன். நீ ரோட்டப் பாரு."

வண்டி குழியில் இறங்கி, உறுமி, தூக்கிப்போட்டு ஏறியது. "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளை அழைத்த ரத்னம்மாவின் குரல் பள்ளி வரை கேட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "இந்தச் சத்தத்துல பாதி எங்க ஆபீசுது. மீதி உங்க சைலன்சருது. எங்க பாதிய நான் கொண்டாறன். உங்க பாதிய எப்பக் குடுப்பீங்க?"

மாணிக்கம்தான், "மேல தண்ணித்தொட்டி கிட்டயே எஞ்சின அணைச்சிட்டா எறக்கத்துல வண்டி தானா வந்துடும்க்கா. ஆனா குழி இருந்தா நின்னுடும்" என்றார்.

அதிலிருந்துதான் ஏற்பாடு பிறந்தது. செயல் அலுவலரிடம் ரத்னம்மா மூன்று முறை போய் நின்றார். பேரூராட்சி கல்லும் மண்ணும் தந்தது; வார விடுமுறை நாளில் வண்டிக்காரர்கள் வந்து கூடவே நின்று குழியை நிரப்பினார்கள். உருவிய குழாய்கள் சைலன்சருக்குள் திரும்பின. தண்ணீர்த் தொட்டியருகே சாலையின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டார்கள். அங்கே எஞ்சினை அணைத்து, பள்ளி தாண்டிய பின்தான் மறுபடி கிளப்ப வேண்டும். பறப்பவர்களை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. ரத்னம்மா என் பட்டியலை எடுத்தார். இந்தப் பதினோரு பேரும் முன்னால் போக வேண்டும், பள்ளியைத் தாண்டும்வரை அவர்களை யாரும் முந்தக் கூடாது என்றார்.

"இந்தப் பதினொரு பேர யாருக்கா பொறுக்குனது?" என்று கேட்டார்கள்.

"சார்தான். மெதுவா ஓட்றவங்க யாருன்னு ஒரு வாரம் ஜன்னல்ல நின்னு எழுதியிருக்காரு."

மாணிக்கம் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முதல் நாள் நாற்பது வண்டிகள் சத்தமில்லாமல் இறங்கி வந்ததை விவரிப்பது கடினம். சங்கிலி உரசும் ஒலியும் டயர் மண்ணில் ஓடும் ஒலியும் மட்டும். உறுமியபோது திரும்பிப் பார்க்காத என் பிள்ளைகள், அமைதியாகப் போவதைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். அந்த வாரம் முழுவதும் இரண்டரை மணிக்குப் பாடம் நடக்கவில்லை! அடுத்த வாரத்திலிருந்து நடந்தது. யாராவது ஒருவர் மறந்து எஞ்சினோடு வந்தால், மறுநாள் அவரைக் கடைசி வண்டியாக வரவைத்துவிடுவார்கள். அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட தண்டனை. மாணிக்கத்தின் வேலை அந்தக் கோடையில் நிரந்தரமானது. சத்தத்துக்காகப் போலீஸ் தன் வண்டியைப் பிடிக்காமல் போனது எங்கள் இருவராலும்தான் என்று அவர் நம்பிவிட்டார்.

என் தபாலால் ரத்னம்மாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்த விஷயம், அலுவலகக் காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் வகுப்புக்கு வந்த நாளில் அது அவர் கைப்பையில் இருந்திருக்கிறது. "மனுவில் கண்ட எண்கள் சரிபார்க்கப்படுகின்றன" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார். வெட்கத்தோடு போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பிள்ளைங்களுக்காகத்தான எழுதினீங்க. எனக்குப் போனா ஒரு மெமோ. அவனுக்குப் போனா வேல" என்றார்.

"மாணிக்கத்துகிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்றேன்.

"நான் சொன்னா கோளு. நீங்க சொன்னாத்தான் அது உண்மை."

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பட்டியலை என் கையிலேயே கொடுத்தார். ஆபீசில் கிடந்தால் எவனாவது எடுத்து அனுப்பிவிடுவான் என்றார். அதன்பின் பல முறை சந்தையிலும் கல்யாண வீடுகளிலும் பார்த்துக்கொண்டோம். ஒருமுறைகூட, சொல்லிவிட்டீர்களா என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவர் உடலைக் கிருஷ்ணகிரியிலிருந்து கொண்டுவந்தபோது தண்ணீர்த் தொட்டியருகே முப்பது வண்டிகளாவது காத்திருந்தன. வெள்ளைக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் எஞ்சின்கள் அணைந்தன. நரைத்த தலைகள், அவரைச் சுமந்த வண்டியின் பின்னாலேயே இறக்கத்தில் மெல்ல உருண்டு வந்தன. முன்வரிசையில் மாணிக்கம்.

ரத்னம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். என் கையெழுத்தில் பதினோரு எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்புப் பென்சிலில் அவர் எழுதிய பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர். நான் எண்ணாகப் பார்த்ததை அவர் ஆளாகப் பார்த்த பத்து நாளின் கணக்கு அது.

மாணிக்கம், மூன்றாவது எண் உங்களுடையது. அதை நான் உங்களைப் பாராட்ட எழுதவில்லை. பிடித்துக் கொடுக்க எழுதினேன். உங்கள் வேலையைக் காப்பாற்றியவர் ஒருவர்தான், அவர் நான் இல்லை. இதைப் படித்தபின் என்னைக் கேட்க உங்களிடம் ஏதாவது இருக்கும். வாருங்கள். தெருமுனையில் வண்டியை அணைக்காமல் வாருங்கள். இந்த முறை நீங்கள் வருவது எனக்குக் கேட்க வேண்டும்.